கன்னத்தில் ஒரு கோடு

பேனரில் பையனின் முகம் நிழலடித்தாற்போல் இரண்டாக விழுந்தது. மெக்கானிக் பிரிண்டரை நிறுத்தினார். மை தெளிக்கும் ஹெட் ஒன்று மயிரிழை விலகியிருந்தது. திருகைத் தளர்த்தி, நகர்த்தி, சோதனைக் கோடுகள் நேராகும்வரை அவர் விடவில்லை.

மறுபடி ஓட்டியதும் முகம் தெளிவாக வந்தது. வலது கன்னத்தில் மட்டும் ஒரு கோடு.

"இன்னும் சரியாகலையே?" என்றார் கடைக்காரர்.

"ஹெட் சரியாயிடுச்சு அண்ணே. இது போட்டோவுலயே இருக்கு."

கடைக்காரர், காத்திருந்த தாயிடம் திரும்பினார். "கம்ப்யூட்டர்ல அழிச்சிடறேன்மா. பையன் பளிச்சுனு இருப்பான்."

"வேண்டாங்க. சைக்கிள்ல விழுந்த தழும்பு அது. அதை அழிச்சிட்டா, எதிர்ல வந்தாக்கூட அவனை யாருக்கும் அடையாளம் தெரியாது."

கடைக்காரர் மெக்கானிக்கைப் பார்த்துத் தலையசைத்தார். மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். முகத்துக்குக் கீழே, சிவப்பில், பிசிறில்லாமல் எழுத்துகள் வந்தன: 'காணவில்லை.'