புங்கமரத்தடியில் செவலைக்கோழி

ஒரு தோட்டத்தில் செவலைக்கோழி ஒன்று இருந்தது. அதற்குக் கினிக்கோழி முட்டைகளை அடை வைத்தார்கள். பொரிந்த குஞ்சுகளைத் தன் பிள்ளைகளாகவே நினைத்து, கரையான் கிளறிக் கொடுத்து, பருந்துக்கு மறைத்து வளர்த்தது.

சிறகு முளைத்ததும் அவை, கினிக்கோழிகளின் வழக்கப்படி, பொழுது சாய்கையில் புங்கமரத்தில் ஏறிக்கொண்டன.

"அம்மா, நீயும் மேலே வா!"

செவலை எம்பிப் பார்த்தது, பொத்தென்று விழுந்தது.

"வர மனசில்லைன்னு சொல்லேன்" என்றது ஒரு குஞ்சு.

"ஆமாண்டா, உயரம்னா எனக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிவிட்டு, செவலை மரத்தடியிலேயே உட்கார்ந்தது.

பக்கத்தில் கட்டியிருந்த ஆடு கேட்டது: "கூண்டுக்குப் போய்த் தூங்கக் கூடாதா? இது கீரி நடமாடுற இடம்."

"அதனாலதான் இருக்கேன். பிள்ளைக தூங்கட்டும்."

தினமும் இதே பேச்சுதான். விழித்து விழித்துச் செவலைக்குக் கண் உள்ளே போய்விட்டது.

ஒருநாள் அந்தியில் தோட்டத்துக்காரி வந்து அதைத் தூக்கிப்போய்க் கூண்டில் விட்டு அடைத்தாள். மரம் முழுக்க ஒரே அலறல்.

"எங்க அம்மாவைக் கொண்டுபோறாங்க! எங்க அம்மாவை!"

கூச்சல் தாங்காமல் ஆடு காதை மடக்கிக்கொண்டது.

பதில் குரல் கொடுக்க வேண்டும் என்று செவலை நினைத்தது. வாயைத் திறப்பதற்குள் தூக்கம் வந்து அதைச் சாய்த்துவிட்டது.