பேர் போட்ட யானை

வீட்டில் சேரும் காகிதக் குப்பையை நகராட்சி சிலையாகச் செய்து, அந்த வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடும் காலம் அது. பெரிய சிலை நின்றால் தெருவே காறித் துப்பும்.

அது தெரிந்தும் சடையாண்டி, பேத்தி கல்யாணத்துக்குக் காகிதத்தில்தான் பத்திரிகை அடித்தார். செல்லில் வரும் அழைப்பை அவர் நம்புவதில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பேத்தியை விட்டுச் சொந்தக்காரர் அவரவர் பேரை எழுதவைத்து, வீடு வீடாகப் போய் வைத்தார்.

மறுநாளே மச்சினன் தவசி பத்திரிகையோடு வந்து நின்றான். “தேதி மனசுல இருக்கு மச்சான். காகிதம் வேணாம். எங்க வாசல் பொம்மை இப்பவே இடுப்பு உசரம்.”

“வச்ச பத்திரிகைய திருப்பித் தர்றியே, வெளங்குமாடா?”

அவன் பின்னாலேயே மற்ற சொந்தங்களும் வந்து கொடுத்துவிட்டுப் போயின. சடையாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். பத்திரிகையே வேண்டாம் என்றவன் பந்திக்கு வருவானா? பேத்தியின் முகம் செத்துப்போய்க் கிடந்தது.

சிலை செய்யும் பெண் வந்து குவியலைப் பார்த்தாள். “கொக்கு செய்யட்டுமா தாத்தா?”

“யானை செய் தாயி. பேர் எழுதின பக்கம் வெளிய தெரியணும்.”

கல்யாணத்தன்று சொந்தம் மொத்தமும் வந்துவிட்டது. யானையைச் சுற்றி நின்று, ஆளாளுக்குத் தன் பேரைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“சோறு ஆறுது, வாங்கய்யா!” என்று சடையாண்டி கத்தினார்.

ஒருத்தரும் கையை எடுக்கவில்லை.