ஊற்றின் மேல் நின்றவர்

எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த பாறைகள் கடலை மறித்து நிற்க, உள்ளே பச்சையாகக் கிடந்தது அந்தக் குளம். வெயிலில் மேல்நீர் வெதுவெதுத்தது. அடியில் மட்டும் ஊற்று சில்லென்று பொங்கியது. மகள்தான் அப்பாவையும் அம்மாவையும் பிடிவாதமாக இங்கே அழைத்து வந்திருந்தாள். மகன் முகிலன் இறந்த பிறகு சிதம்பரநாதன் யாரிடமும் தானாகப் பேசியதில்லை, அழுததும் இல்லை. மனைவி பூங்கோதை எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தவர் திடீரென்று, "கோதை, இங்க வாயேன்" என்றார். அவள் சேலையோடு இறங்கிப் போனாள். "கால்ல ஊத்து முட்டுது. மிதிச்சுப் பாக்கறேன், நிக்க மாட்டேங்குது."

"இந்தப் பக்கமா வருதுங்க" என்றாள் அவள். அவர் பாதத்தின் கீழ் அடைபட்ட நீர் அவள் கால்விரல்களுக்கிடையே குளிர்ந்து ஏறியது.

அவர் சிரிக்க முயன்றார். "முகிலன் வந்திருந்தா இதை விட்டுக் கரை ஏறியிருக்கவே மாட்டான்" என்று தொடங்கிய குரல் பாதியிலேயே உடைந்தது. தோள்கள் குலுங்கின.

கரையிலிருந்து மகள் பதறி எழுந்தாள். "அப்பாவுக்கு என்னம்மா?"

பூங்கோதை இரண்டு கையாலும் தண்ணீரை வாரி அவர் முகத்தில் அடித்தாள். "ஒண்ணுமில்லடி, விளையாடறோம்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மறுபடியும் வாரினாள்.