ழகரப் பூட்டு

"வாங்க தம்பி, வாங்க! எதிர்பார்த்து எதிர்பார்த்து கண்ணே பூத்துப்போச்சு. செருப்பை அப்படி ஓரமா விடுங்க."

கதவைத் திறந்த அம்மாவுக்கு, வாசலில் நின்றவரைப் பேசவிடும் உத்தேசமே இல்லை.

"அது வந்தும்மா... இந்த வைஃபை விஷயமா..."

"பின்னே வேற எதுக்கு வரப்போறீங்க? பதினோரு மணிக்கு என் பொண்ணுக்கு வீடியோவில இன்டர்வியூ. கம்பெனியை மூடினதிலேருந்து அவ வேலை இல்லாம உட்கார்ந்திருக்கா. இதையும் விட்டா அவ்வளவுதான். உள்ள வாங்க முதல்ல!"

வந்தவர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அரை டிராயர், கசங்கிய சட்டை, கையில் ஒரு பை கூட இல்லை. செலவைக் குறைக்கிறேன் என்று கம்பெனிகள் இப்போது யூனிஃபார்ம் துணியிலும் கை வைத்துவிட்டன போலும் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

சுவரில், முந்தின நாள் கேபிள் இழுத்தவன் மாட்டிவிட்டுப் போன பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. 'ரவுட்டரை நாளைக்கு ஒருத்தர் வந்து செட் பண்ணுவார்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ரவுட்டர் அட்டைப்பெட்டிக்குள் சமர்த்தாகத் தூங்கியது.

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கேமராவுக்குத் தெரியும் பாதிக்கு இஸ்திரி போட்ட சட்டை. தெரியாத பாதிக்குப் பழைய நைட் பேன்ட்.

"அண்ணே, அதுக்குள்ள ஆயிடும்ல?"

"ம்..." என்று அவர் பெட்டியைப் பார்த்தார். "இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"

"மேல் வீட்டு வைஃபைதான்" என்றாள் அம்மா.

"அம்மா!" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

"இவர்கிட்ட சொன்னா என்னடி? டாக்டர் மாதிரி இவரு. மேலே ஒருத்தன் இருக்கான் தம்பி. நாங்க குடிவந்து ரெண்டு மாசமாகுது, மூஞ்சியைப் பார்த்ததில்லை. ராத்திரி வேலையாம். ஆனா பாஸ்வேர்டு மாத்தினா மட்டும், பொண்டாட்டிக்குப் பால்கனியிலேருந்து கத்திச் சொல்லுவான். ஒருநாள் 'கழுதை! கழுதை!'ன்னு ஒரே சத்தம். ஐயோ, பொண்டாட்டியைத் திட்டுறானேன்னு எனக்குப் பதறிப்போச்சு. அப்புறம்தான், 'ழ-வுக்கு இசட் எச் போடுடி, எல் போடாதே'ன்னான். இவளும் இங்கே இசட் எச் போட்டா. உடனே திறந்துக்கிச்சு!"

வந்தவருக்கு லேசாக இருமல் வந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நல்ல மனுஷன்னு சொல்ல முடியாது. போன வாரம் ஒரு இன்டர்வியூ. 'உங்ககிட்ட இருக்கிற குறை என்ன'ன்னு கேட்டிருக்காங்க. இவ வாயைத் திறக்கிறா, அந்த நேரம் பார்த்து மறுபடி மாத்தித் தொலைச்சுட்டான். அவங்க என்ன நினைச்சாங்களோ!"

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த வேலை என்னாச்சும்மா?"

"போச்சு. பொண்ணு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அட்டைப்பெட்டியைக் கிழித்தார். ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இடையே ஒயரைச் செருகினார். மகளின் போனுக்குக் கம்பெனி அனுப்பியிருந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினார். பாஸ்வேர்டு பக்கத்துக்கு வந்ததும் அவர் விரல்கள், பழகிய வீட்டுக்குள் இருட்டில் நடப்பதுபோல் நடந்தன.

"என்ன பாஸ்வேர்டு வைக்கலாம்மா?"

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாததா வைங்க. ஊரான் வீட்டு வைஃபையை உறிஞ்சுறதுக்குன்னே ஒரு கூட்டம் அலையுது."

அவர் ஒரு கணம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா. சத்தம் போட்டு மட்டும் சொல்லிடாதீங்க."

"சேச்சே, நாங்க என்ன அவனா?"

ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மகளின் திரையில் நாலு முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. அறைக் கதவு சாத்திக்கொண்டது.

வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. "நடுவில நின்னுடுச்சுன்னா?" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த டீயைக் கையில் பிடித்தபடி ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். அது விளக்கை மினுக்கும்போதெல்லாம் இவரும் இமைத்தார். டீ ஆறிப்போனது.

கதவு படாரென்று திறந்தது.

"அம்மா! திங்கட்கிழமையே சேரச் சொல்லிட்டாங்கம்மா!"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் அவரிடம் ஓடிவந்தாள். "அண்ணே, ஒரு தடவைகூட நிக்கலை! உங்களை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

"உங்களை மாதிரி ஆள் கிடைக்க உங்க வைஃபை கம்பெனி கொடுத்து வச்சிருக்கணும் தம்பி" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நான்தாம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும். என் நெஞ்சிலேருந்து ஒரு பாரமே இறங்கிடுச்சு."

"என்ன அடக்கம் பாருடி!" என்று, அவர் போன பிறகும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ரவுட்டர் செட் பண்ண வரவேண்டிய ஆளு பேசறேன். வண்டி பஞ்சர். சாயங்காலம் வந்தாப் பரவாயில்லையா? கோவிச்சுக்காதீங்க."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது மேல் வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு குரல் தெருவுக்கே கேட்கும்படி ஒலித்தது.

"அடியே! கீழ் வீட்டுல சண்டை போடப் போனவன், கனெக்‌ஷன் போட்டுக் கொடுத்துட்டு வந்திருக்கேன்டி!"