நடுச்சுவர்

"இது மூணாவது கடுதாசி, ரஸ்! மூணாவது!"

ஜோலீன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் விசிறியடித்தாள். காபி குடித்துக்கொண்டிருந்த புருஷன் முன்ஜாக்கிரதையாகக் கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டான்.

மின்சாரக் கம்பெனியின் கடிதம். சுற்றுவட்டாரத்தில் ஒரே அளவுள்ள நூறு வீடுகளில் அவள் வீடு சிக்கனத்தில் எத்தனையாவது என்று போட்டிருந்தது. தொண்ணூற்றெட்டாவது. பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவது மாதிரி, ஒரு அழுமூஞ்சிப் பொம்மை.

"அவ எத்தனையாவது தெரியுமா? முதலாவது! ரெண்டு சிரிச்ச மூஞ்சி!"

அவள் என்றால் இர்மா. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். இந்தப் பாதி ஜோலீன், அந்தப் பாதி இர்மா. தபால்காரர் மாற்றிப் போட்ட இர்மாவின் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டிக் கொடுத்த நல்லவள்தான் நம் ஜோலீன்.

"அவ தனி ஆளு. நாம நாலு பேரு," என்றான் ரஸ்.

"தனி ஆளுன்னா மினசோட்டாக் குளிர் பயந்து ஓடிடுமா? போன வருஷம்தான் எல்லா ஜன்னலையும் மாத்தினேன். பசங்களை நிம்மதியா குளிக்கக்கூட விடறதில்லை. அவ மீட்டர்ல ஏதோ தில்லுமுல்லு பண்றா."

"ஜோலீன்..."

"கதவைத் தட்டினா உள்ளே கூப்பிடறாளா? எப்பப் பாரு கோட்டை மாட்டிக்கிட்டு, 'இப்பத்தான் வெளியே கிளம்பறேன்'னு வாசலோட அனுப்பிடறா. எங்கே கிளம்பறா? அவ கார் நகர்ந்தே மாசக்கணக்காச்சு!"

வீட்டைச் சோதித்து, சூடு வீணாகிற இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லக் கம்பெனியே ஆள் அனுப்பும். அடைக்கிற செலவில் முக்கால்வாசியைத் திருப்பியும் தரும். ஜோலீன் அன்றைக்கே போன் போட்டாள்.

அடுத்த வாரம் கெண்ட் என்பவர் வந்தார். கையில் சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா. சூடான இடம் மஞ்சளாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். வெளிச்சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், நடுச்சுவருக்கு எதிரே நின்றுவிட்டார். சுவர் முழுக்க நீலம்.

"ஆச்சரியமா இருக்கே. ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கிற சுவர் இவ்வளவு சில்லுனு இருக்காதே. உங்க சூடு பூரா அந்தப் பக்கம்தான் போகுதும்மா."

ஜோலீனின் முகம் சிவந்துபோனது.

"கேட்டியா ரஸ்! நான் சொல்லலே? திருடி! என் காசுல குளிர் காயறா! அவளுக்கு முதலிடம் வேற!"

"கவலைப்படாதீங்க. சுவருக்குள்ளே பஞ்சை ஊதி அடைச்சிடலாம். இங்கே ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"கையெழுத்து அப்புறம். முதல்ல அவளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். நீங்களும் வாங்க, சாட்சிக்கு!"

ரஸ் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பக்கத்து வாசலில் இருந்தாள்.

இர்மா கதவைத் திறந்தாள். கோட்டு, கம்பளிக் குல்லா. "இப்பத்தான் வெளியே கிளம்பிட்டிருந்தேன், ஜோலீன்."

"வீட்டுச் செருப்போடயா கிளம்பறே? தள்ளு!"

தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் இரண்டடியில் நின்றுவிட்டாள். ஃபிரிட்ஜுக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. விட்ட மூச்சு புகையாக வந்தது.

பின்னால் வந்த கெண்ட், பழக்கதோஷத்தில் கேமராவைத் தூக்கிச் சுற்றிலும் காட்டினார். ஜன்னல், கூரை, கதவிடுக்கு எல்லாம் ஒரே நீலம்.

"எங்கேயும் கசியலையா?" என்றாள் ஜோலீன். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. அதை யார் மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

"கசியறதுக்கு உள்ளே சூடு இருந்தாத்தானேம்மா," என்றார் கெண்ட்.

ஒரே ஒரு சுவர் மட்டும் கேமராவில் லேசான மஞ்சளாகத் தெரிந்தது. அதை ஒட்டினாற்போல் இர்மாவின் கட்டில். அதன் மேல் நாலு கம்பளி.

"என்ன வேடிக்கை பார்க்கறே?" இர்மா சீறினாள். "சுரங்கத்துல நான் வேலை பார்த்த கேன்டீனை மூடி ஒன்பது மாசமாச்சு. குழாய்த் தண்ணி உறையாத அளவுக்குத்தான் ஹீட்டர் போடறேன். மீதிக்கு உன் சுவத்துல முதுகை வெச்சுப் படுத்துக்கறேன். அது திருட்டுன்னா, போ, போலீஸைக் கூப்பிடு!"

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னடி?"

"யார்கிட்டே? உன்கிட்டேயா? சாயங்காலத்துக்குள்ளே தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்!"

ஜோலீனுக்குச் சுருக்கென்றது. விடுவிடென்று தன் வீட்டுக்குத் திரும்பினாள். பின்னாலேயே வந்த கெண்ட் தயங்கித் தயங்கிப் படிவத்தை நீட்டினார்.

ஜோலீன் அதை வாங்கி, நடுச்சுவர் என்று எழுதியிருந்த வரியைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்தாள்.

"அம்மா, அதை அடைக்காம விட்டா நான் வந்ததே வீண். உங்க சூடு முழுக்க அங்கேதான் போகும்."

"போகட்டும்னுதானே அடிச்சிருக்கேன்!"