ஒரு நாடு நீங்கலாக

“உலகம் முழுக்க எனக்கே குடுத்துடும்மா” என்றார் ‘பத்து நிமிஷம்’.

தொழிலில் அவருக்குப் பெயரே அதுதான். எந்தப் படத்தையும் அதற்கு மேல் உட்கார்ந்து பார்க்க மாட்டார். ஒரு சண்டையோ ஒரு சிரிப்போ வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். அதற்குள் மனசில் விலை போட்டிருப்பார். இத்தனைக்கும் அவர் கணக்கு தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் மட்டும் யோக்கியமா? எடுத்தே முடிக்காத படங்களைப் போஸ்டரைக் காட்டி விற்றவள். படம் எடுப்பது, எடுத்ததை நாடு நாடாகக் கூறு போட்டு விற்பது, இதுதான் என் பிழைப்பு.

திரைப்படச் சந்தையின் கடைசி நாள். பக்கத்து ஸ்டால்களில் போஸ்டர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் கம்பளத்தைக்கூடப் பெயர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வாங்குகிறேன் என்று என் எதிரில் உட்கார்ந்திருந்தது இந்த மனிதர் ஒருவர்தான். இவரும் போய்விட்டால் படம் பெட்டிக்குள் தூங்க வேண்டியதுதான். அப்படித் தூங்கின படத்தை எந்தக் கொம்பனும் எழுப்பியதில்லை.

என் தம்பி நடித்த முதல் படம்.

“உன் தம்பி சிரிக்கிறான் பாரு, அது ஒண்ணே போதும். அடுத்து என்ன பண்றான்?”

“பேசிக்கிட்டு இருக்கோம் சார்” என்றேன். விற்று விற்றுப் பழகின வாய். அதுவாகவே பேசும்.

ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றார். உலகம் முழுக்க என்று போட்டு, ஒரு நாடு நீங்கலாக என்று நான் எழுதியிருந்தேன். வரைபடத்தில் தேடினால்தான் கண்ணில் படும் அந்த நாடு. மொத்தமே நாலைந்து தியேட்டர்.

“இதை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? ஊறுகாய் போடப் போறியா?”

“எங்கம்மா அங்க இருக்காங்க சார், அண்ணன் வீட்டுல.”

வாய்விட்டுச் சிரித்தார். அம்மா பார்க்கக்கூடாத சீன் ஏதாவது வைத்துவிட்டாயா என்று கேட்டார். அப்படி ஒரு மண்ணும் இல்லை, குடும்பத்தோடு பார்க்கிற சிரிப்புப் படம். அம்மா போனில் நச்சரிக்கிறாள். தம்பி படம் இங்கே வராதாடி, வந்தால் அவன் முகத்தை அவ்வளவு பெரிசாகப் பார்த்துக்கொள்வேனே என்கிறாள்.

“குடுத்தா முழுசா குடு, இல்லேன்னா ஆளை விடு” என்று எழுந்து, பையைத் தோளில் மாட்டினார்.

நான் கெஞ்சவில்லை. கெஞ்ச வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கொஞ்ச காலமாகவே எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, படத்தை ஒரே இழுப்பில் கடைசிக்குக் கொண்டுபோனேன்.

பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தன. கறுப்புத் திரை. நடுவில் தம்பியின் சிரித்த முகம். அதன் கீழே அவன் பெயர். பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள்.

மனிதர் நின்றபடியே படித்தார். பிறகு பையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“அம்மாவுக்குத் தெரியாதா?”

டப்பிங் முடித்துவிட்டு பைக்கில் கிளம்பியவன் வீடு வந்து சேரவில்லை. அந்த வாரம்தான் அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இப்போ சொல்ல வேண்டாம் என்றான் அண்ணன். அந்த ‘இப்போ’ இன்னும் முடிந்தபாடில்லை. அம்மாவைப் பொறுத்தவரை தம்பி ஷூட்டிங்கில் இருக்கிறான், சிக்னல் கிடைக்காத ஏதோ ஒரு காட்டில். பாவம், அதையும் நாலு பேரிடம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறாள்.

இத்தனையையும் மளிகைக் கணக்கு ஒப்பிக்கிற குரலில் அவரிடம் சொன்னேன்.

அவர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். “அந்த நாட்டுக்கு மட்டும் இந்தக் கடைசித் துண்டை எடுத்துடலாம்மா. அவங்க பார்க்கட்டும்.”

ஒரு நாட்டுக்கு முத்தத்தை வெட்டுவோம், இன்னொரு நாட்டுக்கு ரத்தத்தை வெட்டுவோம். தினமும் செய்கிற வேலை. இது ஏன் எனக்குத் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை.

சரி என்றேன். ‘ஒரு நாடு நீங்கலாக’ என்பதை அவரே பேனாவால் அடித்தார்.

“உரிமை வழக்கம்போல ஏழு வருஷம்தானே?”

ஏழு வருஷம் முடிந்தால் புதுசாக வேறு யாரிடமாவது விற்க வேண்டும். அவன் எந்தப் பிரதியை ஓட்டுவானோ, அந்தத் துண்டு இருக்குமோ, இருக்காதோ. வருஷத்தைக் குறைக்கச் சொல்லித்தான் இத்தனை காலமும் சண்டை போட்டிருக்கிறேன். கூட்டச் சொல்லி யாரிடமும் கேட்டதில்லை.

“அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் இருபது போடுங்க சார்.”

“இருபதா? அம்மாவுக்கு இப்ப என்ன வயசு?”

“எழுபத்தஞ்சு. அதெல்லாம் இருப்பாங்க சார். எங்க வீட்டுல எல்லாருக்கும் ஆயுசு கெட்டி.”

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அவருக்கும் விழுந்திருக்கும். நிமிரவில்லை. இருபது என்று எழுதினார்.