கெனாங்கா சந்து வீட்டுச் சோபா

"அந்தச் சோபா மெத்துன்னு இருக்குமா?"

தொலைபேசியில் வந்த கேள்வி அது. துரினா யோசிக்கவே இல்லை. "பஞ்சு மாதிரி" என்றாள்.

பொய். அந்தச் சோபாவில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

'கெனாங்கா சந்து' நகைச்சுவைத் தொடரில் பதினான்கு வருடங்களாக அவள்தான் வேலைக்காரி ஓனா. ஜகார்த்தாவில் அவள் முகம் தெரியாத ஆள் கிடையாது. தொடரில் பிறந்த குழந்தைக்கு மீசை அரும்பிவிட்டது. சோபாவுக்கு நான்கு முறை துணி மாற்றினார்கள்.

ஓனாவின் இடம் மட்டும் மாறவில்லை. குடும்பம் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும். அவள் தரையில், சோபாவின் காலருகே. யார் முன்னாலாவது கடக்க வேண்டுமென்றால் மரியாதைக்காக முதுகை வளைத்து, வலக்கையைத் தரை நோக்கித் தாழ்த்தியபடி போவாள்.

இன்று கடைசிக் காட்சி. நேரடி ஒளிபரப்பு.

வீடு விற்றாயிற்று, குடும்பம் கிளம்புகிறது. ஓனா வீட்டம்மாவின் காலில் விழுந்து, என்னையும் கூட்டிப் போங்கள் என்று கதற வேண்டும். வீட்டம்மா அவளைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

"நின்னுக்கிட்டே சொல்றேனே, தம்பி" என்று இயக்குநர் திர்தோவிடம் காலையில் கேட்டுப் பார்த்தாள்.

"யக்கா, பதினாலு வருஷமா குனிஞ்ச முதுகு இன்னிக்குத்தான் வலிக்குதா? அடுத்த தொடர்லயும் ஒரு வேலைக்காரி இருக்கா. ஞாபகம் வச்சுக்குங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

விளக்குகள் எரிந்தன. எதிரே இருநூறு பேர், கூலிக்குச் சிரிக்க வருகிறவர்கள். இன்று அழுவதற்காகக் கைக்குட்டை கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

வீட்டம்மாவாக நடிக்கும் ரெட்னோ பெட்டியோடு வாசலருகே நின்றாள். அவள் கால்களைப் பார்த்தபடி துரினா நடந்தாள். பாதி வழியில் திரும்பினாள்.

சோபாவில் உட்கார்ந்தாள்.

கட்டை. வெறும் பலகைமேல் துணி. உட்காருகிறவர்கள் புதைந்து தெரியக் கூடாதென்று அடித்து வைத்த பலகை. ஓர் ஆணி தொடையில் குத்தியது.

அவள் முகம் சுளிக்கவில்லை. நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

இருநூறு பேருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேமராவுக்குப் பின்னால் திர்தோ இரண்டு கைகளையும் தூக்கித் தூக்கிக் காட்டினான். எழுந்திரு, எழுந்திரு.

துரினா அவனைப் பார்க்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள்.

டிவிக்கு அந்தப் பக்கம் இந்நேரம் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பணக்காரர்கள் வாழும் மென்தெங் பகுதியில் ஒரு பெரிய வீடு. முதலாளி குடும்பம் சோபாவில். முப்பத்தொரு வருடங்களாக அங்கே வேலை செய்கிறவள், மகள் எத்தனை முறை கூப்பிட்டும் அந்த வீட்டை விட்டு வராதவள், தரையில் உட்கார்ந்து மகளின் தொடரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தொலைபேசியில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள்தான்.

"பஞ்சு மாதிரிதாம்மா இருக்கு" என்றாள் துரினா.

யாரும் எழுதிக் கொடுக்காத வசனம்.

அடுத்து ரெட்னோ பேச வேண்டும். அவளுக்கு எழுதியிருந்தது இரண்டே சொல்: எழுந்திரு, ஓனா.

ரெட்னோ வாயைத் திறந்தாள். சோபாவில் இருந்தவளைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

பெட்டியைக் கீழே வைத்தாள். மேசையில் கிடந்த காலித் தேநீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்கினாள். தட்டை இடக்கையில் ஏந்தி, முதுகை வளைத்து, வலக்கையைத் தரை நோக்கித் தாழ்த்தியபடி துரினாவின் முன்னால் கடந்து சமையலறைக்குள் போனாள்.